காலே வீசம்

ஸ்பானர் பொருந்தியது. தப்பு அங்கேதான் தொடங்கியது.
இங்கிலீஷ் வண்டி, இங்கிலீஷ் தலை.
விட்வொர்த் ஸ்பானர் ஆறு முகத்தையும்
ஆட்டமில்லாமல் பிடித்துக்கொண்டது.
அப்புறம் மரையை யார் பார்க்கப்போகிறார்கள்?
காலே வீசம் அங்குலம் என்று
தலையைப் பார்த்தே உடம்புக்குப் பெயர் வைத்தேன்.

வக்வாவில் நான்காம் நாள் மழை.
தகரக்கூரை போடும் சத்தத்தில்
மொஸ்யே லீ கிம் சொல்வது பாதிதான் கேட்கிறது:
ஐம்பத்திரண்டாம் வருஷத்து எம்ஜி,
எண்ணெய் கசிகிறது,
அவருடைய மருந்துக்கடை வாசலில்
தினமும் ஒரு கறுப்புப் பொட்டு,
சனிக்கிழமை மாயேபூரில் கல்யாணம்.

வண்டிக்கடியில் படுத்து
எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி
மத்தி மீன் டப்பாவில் போட்டேன்.
ஒன்றைத் துடைத்து
இருபத்திரண்டு மரைச் சீப்பை அதன்மேல் வைத்தேன்.
முதல் இரண்டு பல் உட்கார்ந்தன.
மூன்றாவது தயங்கியது.
நான்காவதின் கீழே வெளிச்சம்.

சீப்பை மாற்றினேன். மில்லிமீட்டர்.
புரிக்குப் புரி ஒரு மில்லி.
கடைசிப் பல்வரை இருட்டு.

எட்டு மில்லிக்கும் காலே வீசத்துக்கும் நடுவே
ஒரு மயிரிழை. அவ்வளவுதான்.

பழைய போரின்போது
துப்பாக்கி செய்யும் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று
கவென்ட்ரிக்குக் குடிவந்ததாம்,
கடைசல் மிஷின்களோடு.
மிஷினுக்குத் தெரிந்தது மில்லிமீட்டர்.
ஊர் ஸ்பானர்களுக்குத் தெரிந்தது அங்குலம்.
சண்டை எதற்கென்று
மரையை அதற்கும் தலையை இதற்கும் கொடுத்துவிட்டார்கள்.
முதலாளி மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை.

‘நம்ம தீவு மாதிரியே’ என்றான் ழெரார்,
‘மேலே இங்கிலீஷ், உள்ளே பிரெஞ்சு.’
உவமை சொல்ல வந்தவனை
கிரீஸ் துணியால் வாசல்வரை துரத்தினேன்.
தீவு முறுக்கினால் இறுகுவதில்லை.
தவிர,
சூப்ரமணியன் என்ற பெயரைச் சூப்ராயன் என்று
பதிவேட்டில் முடித்துவைத்தவன்
விழுங்கிய எழுத்துகளை
இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

டப்பாவில் மிச்சமிருந்தவை எல்லாம்
சீப்புக்குச் சொன்னபடி கேட்டன.
ஒன்று மட்டும் கேட்கவில்லை.
அது அசல் காலே வீசம்.
புரிகளின் முனை மழுங்கி,
இரும்புத் துருவல் அப்பி,
தலையில் ஒரு சிவப்புப் பொட்டு.

நகப்பூச்சு.
இறுக்கி முடித்ததும் நான் வைக்கும் அடையாளம்.
இந்தத் தீவில் வேறு எந்த மெக்கானிக்கும்
நகப்பூச்சு வைத்துக்கொள்வதில்லை.

ஆறு வருஷம் முன்பு.
இரண்டு சுற்று சுகமாகப் போயிருக்கும்,
மூன்றாவதில் முரண்டியிருக்கும்,
‘பிடித்துக்கொண்டது’ என்று சந்தோஷப்பட்டு
ஸ்பானருக்குப் பின்னால் பைப்பைச் செருகி
ஏறி நின்றிருப்பேன், மரை கழன்றவள்.
பில்கூட இருக்கிறது:
‘கசிவு நிறுத்தம், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.’

துளையை அகலப்படுத்தி எஃகுச் சுருள் இறக்கினேன்.
மொஸ்யே லீ கிம் குனிந்து பார்த்தார்.
‘எந்த மடையன் செய்த வேலை?’
‘நான்’ என்றேன்.
தகரத்தில் மழை.
அவர் காதில் கையைக் குவித்தார்.
இரண்டாம் முறை கத்தவேண்டியிருந்தது.
ழெராருக்குக் கேட்டது,
ரோட்டோரம் காத்தோ பிமா பொரிக்கிறவளுக்குக் கேட்டது.
அவர் கொஞ்சம் யோசித்து,
‘அப்படியானால் இந்தத் தடவை இனாம்தானே?’ என்றார்.

புது போல்ட்டை
இரண்டு விரலால் மட்டும் திருகினேன்.
மூன்று. நான்கு. ஏழு.
ஸ்பானரைக் கடைசி அரைச் சுற்றுக்குத்தான் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை,
தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில்
கியூர்பிப் போனேன்.
கல்யாணம் நன்றாக நடந்ததாம்.
கடை வாசலில், வண்டிக்கு அடியில், ஈரமாக ஏதோ.
செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போல் குனிந்து
விரலால் தொட்டு முகர்ந்தேன்.

மழைதான்.